காலாண்டில் மார்க் குறைந்தால் நல்ல காலேஜ் சீட் போய்விடுமா? பிளஸ் டூ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு கேள்வி எழும். "கணக்குல 48தான் வந்திருக்கு. இதை வெச்சுக்கிட்டு நல்ல காலேஜ்ல சீட் கிடைக்குமா?"

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இலுப்பூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு, காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆளே அந்தப் பிள்ளைதான். விவரம் கேட்க அண்ணனோ அக்காவோ படித்திருக்க மாட்டார்கள். அதனால் செப்டம்பரில் வந்த ஒரு மார்க்கை வைத்தே, "இதுக்கு மேல உனக்கு இன்ஜினீயரிங் எல்லாம் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிற வீடுகளும் உண்டு.

உண்மையில் காலாண்டு மார்க் காலேஜ் அட்மிஷனை எந்த அளவுக்குப் பாதிக்கும்? எங்கே பாதிக்கும்? எங்கே பாதிக்காது? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமான பதில்

• தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், நர்சிங், கலை அறிவியல் படிப்புகளுக்கான கவுன்சிலிங்கில் காலாண்டு மார்க்கை யாரும் கேட்பதில்லை. மார்ச் மாதப் பொதுத்தேர்வு மார்க்தான் கணக்கு.

• மருத்துவம், ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் முக்கியம். அங்கேயும் காலாண்டுக்கு இடமில்லை.

• வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், உள்நாட்டில் சில தனியார் பல்கலைக்கழகங்களும் மட்டும் பள்ளியில் எடுத்த மார்க்கையும் பார்க்கின்றன.

• ஆனால், காலாண்டு மார்க் மறைமுகமாக இரண்டு இடங்களில் கை வைக்கும். ஒன்று, அகமதிப்பீட்டு மார்க். இன்னொன்று, அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு வீட்டில் எடுக்கிற முடிவு.

பிளஸ் டூ 600 மார்க் எப்படி வருகிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூவுக்கு ஆறு பாடம், பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மார்க். முன்பு 1200 ஆக இருந்தது. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டபோது, பாடத்துக்கு 200 என்பது 100 ஆகக் குறைக்கப்பட்டது.

பின்னர், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே கைவிடப்பட்டது. ஆக, தமிழ்நாட்டு மாணவரைப் பொறுத்தவரை எல்லாப் பாரமும் ஒரே பொதுத்தேர்வின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு பாடத்தின் 100 மார்க்கும் இப்படிப் பிரியும்:

• செய்முறை உள்ள பாடங்கள் (இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்றவை): எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அகமதிப்பீடு 10.

• செய்முறை இல்லாத பாடங்கள் (தமிழ், ஆங்கிலம், கணக்கு, வணிகவியல் போன்றவை): எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10.

அந்த 10 மார்க்கில் என்ன இருக்கிறது?

பள்ளிக்கு ஒழுங்காக வந்தது, பள்ளியில் நடந்த தேர்வுகள், ஒப்படைப்பு அல்லது செயல்திட்டம், மற்ற செயல்பாடுகளில் பங்கேற்பு ஆகியவற்றை வைத்து ஆசிரியர்கள் போடுவதுதான் அகமதிப்பீட்டு மார்க். பள்ளித் தேர்வுகளுக்கு இதில் ஒரு சிறு பங்குதான்.

சிறு பங்கு என்பதால் அதை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் அகமதிப்பீட்டில் ஆளுக்கு 2 மார்க் குறைந்தால், இன்ஜினீயரிங் கட்-ஆஃபில் 4 போய்விடும். ஒரே கட்-ஆஃபில் ஏராளமான மாணவர்கள் நிற்கும் தரவரிசைப் பட்டியலில் 4 என்பது பெரிய இறக்கம்.

கவனிக்க வேண்டியது இதுதான். காலாண்டில் மார்க் குறைந்த வருத்தத்தில் பள்ளிக்கு மட்டம் போடுவதும், ஒப்படைப்பைத் தராமல் இழுப்பதும், குறைந்த மார்க்கைவிட அதிகச் சேதம் செய்யும்.

கட்-ஆஃப்: 99 எப்படி 168 ஆகும்?

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங்குக்கு இருந்த நுழைவுத் தேர்வு 2006 சட்டத்தால் ரத்தானது. அதன்பிறகு கட்-ஆஃப்தான் எல்லாம். மொத்தம் 200. கணக்கு மார்க் முழுசாக 100. இயற்பியலில் பாதி 50. வேதியியலில் பாதி 50.

ஒரு மாணவி காலாண்டில் கணக்கு 48, இயற்பியல் 52, வேதியியல் 50 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃப் 48 + 26 + 25 = 99. இதைப் பார்த்தால் எந்த அப்பாவுக்கும் மனசு விட்டுப்போகும். அதே மாணவி மார்ச்சில் கணக்கு 86, இயற்பியல் 80, வேதியியல் 84 எடுத்தால்? 86 + 40 + 42 = 168. கவுன்சிலிங்கில் தெரியப்போவது இந்த 168 மட்டும்தான். 99 எங்கேயும் பதிவாகாது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. கணக்கில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் 1 கூடும். இயற்பியலிலோ வேதியியலிலோ ஒரு மார்க் கூடினால் அரைதான் கூடும். கட்-ஆஃபில் 10 ஏற வேண்டும் என்றால் கணக்கில் 10 மார்க் போதும். இயற்பியலில் 20 வேண்டும். ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தாலும் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான். "கணக்குதான் வரலை, மத்ததைப் பார்த்துக்கலாம்" என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எந்தக் காலேஜ் எதைப் பார்க்கும்?

*இன்ஜினீயரிங்:* கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி, ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரி என எதுவானாலும் ஒரே கவுன்சிலிங், ஒரே கட்-ஆஃப். விண்ணப்பிக்க மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும்.

*வேளாண்மை:* அன்னவாசல் பிள்ளைகளுக்கு இது வீட்டு வாசலில் இருக்கிற வாய்ப்பு. குடுமியான்மலையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி 2014 முதல் இயங்குகிறது. இதற்கும் பிளஸ் டூ அறிவியல் பாட மார்க்கிலிருந்து 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள்.

*கால்நடை மருத்துவம், நர்சிங், சட்டம்:* ஒரத்தநாடு உள்ளிட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகள், பி.எஸ்சி. நர்சிங், அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்க்தான்.

*கலை அறிவியல்:* புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, பொதுத்தேர்வு மார்க்கின் தரவரிசைப்படி சேர்க்கை நடக்கும். மொழிப் பாடப் பட்டப்படிப்புக்கு அந்த மொழியில் எடுத்த மார்க்தான் பேசும்.

*மருத்துவம்:* நீட் தேர்வு ஒன்றுதான் வழி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் தொடங்கப்பட்டதால், மாவட்டத்திலேயே எம்பிபிஎஸ் படிக்க முடியும்.

*என்ஐடி, ஐஐடி:* ஜேஇஇ தரவரிசை வேண்டும். கூடவே பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65) அல்லது அந்த வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை நடக்கும். எது நல்லதோ அது கணக்கில் வரும்.

*மத்தியப் பல்கலைக்கழகங்கள்:* திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றுக்கு 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு. நீட், ஜேஇஇ முதன்மை, கியூட் மூன்றையும் தமிழில் எழுதலாம்.

காலாண்டு மார்க்கை நேரடியாகப் பார்ப்பவர்கள் யார்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1, ஜனவரி 1 வாக்கில் விண்ணப்பக் கெடு முடியும். அப்போது பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்காது. அதனால் 9ஆம் வகுப்பு முதல் எடுத்த மார்க்கைக் கேட்பார்கள். 12ஆம் வகுப்பின் நடுவில் வரும் மார்க்கையும் பள்ளி தனியாக அனுப்ப வேண்டும். இறுதித் தேர்வில் மார்க் ரொம்பச் சரிந்தால் கொடுத்த சீட்டைத் திரும்பப் பெறவும் முடியும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. "இந்த மாணவர் இறுதித் தேர்வில் இவ்வளவு எடுப்பார்" என்று ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்து முதலில் நிபந்தனையோடு இடம் தருவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15இலேயே கெடு முடிந்துவிடும். லண்டனில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கும் மார்க் உயிர்நாடியாக இருப்பது இதனால்தான்.

இந்தியாவிலும் அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பம் வாங்கி, பள்ளி மார்க்கையும் சேர்த்துப் பார்க்கின்றன. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் சொந்தமாக நுழைவுத் தேர்வும் நேர்முகமும் நடத்துகிறது.

இலங்கையில் நிலைமை கிட்டத்தட்ட தமிழ்நாடு மாதிரிதான். யாழ்ப்பாணத்து மாணவர் தவணைப் பரீட்சையில் என்ன எடுத்தாலும், பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான் பேசும்.

பொதுத்தேர்வே நடக்காத ஆண்டில் என்ன ஆனது?

"பொதுத்தேர்வுதானே முக்கியம், மற்றதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு 2021 ஒரு பதில் வைத்திருக்கிறது. கொரோனாவால் அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. தமிழ்நாடு அரசு 10ஆம் வகுப்பு மார்க்கிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் எடுத்து மார்க் போட்டது. சிபிஎஸ்இ 30:30:40 என்று பிரித்தது. அதில் 40 சதவீதம் 12ஆம் வகுப்பில் பள்ளி நடத்திய தேர்வுகளிலிருந்து வந்தது. "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரவே இல்லை.

இங்கிலாந்தில் 2020இல் இதைவிடப் பெரிய குழப்பம். ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டைக் கணினிச் சூத்திரம் திருத்தியதில், ஏறக்குறைய 40 சதவீத மதிப்பீடுகள் இறங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று வந்த முடிவுகளை 17ஆம் தேதியே அரசு கைவிட்டு, ஆசிரியர் மதிப்பீட்டுக்குத் திரும்பியது.

உண்மையான ஆபத்து அக்டோபரில்

சீட் பறிபோவது பெரும்பாலும் காலாண்டு மார்க்கால் அல்ல. அதற்கு அடுத்த மாதம் வீட்டில் எடுக்கும் முடிவால்.

ஜேஇஇ முதன்மைத் தேர்வின் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில்தான் வருகிறது. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கான கிளாட் தேர்வு டிசம்பர் தொடக்கத்தில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். காலாண்டு விடைத்தாளும் இதே நேரத்தில்தான் கையில் இருக்கும். "48 எடுத்தவளுக்கு ஜேஇஇ எதுக்கு?" என்று ஃபார்ம் போடாமல் விட்டால், மார்ச்சில் 90 எடுத்தாலும் அந்த முதல் வாய்ப்பு திரும்ப வராது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. "படிப்பு ஏறலை" என்ற ஒரு வார்த்தை சில வீடுகளில் கல்யாணப் பேச்சுக்கு வழி திறந்துவிடுகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். பிளஸ் டூ படிக்கும் பெண்களில் பெரும்பாலோர் 18ஐ எட்டாதவர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098இல் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ன கூடுதல் வாய்ப்பு?

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இதற்கெனத் தனித் தரவரிசை போடுவதால், பொதுப் பட்டியலில் கிடைக்காத காலேஜ் இதில் கிடைக்க வாய்ப்புண்டு. காலாண்டில் 99 கட்-ஆஃப் வந்த மாணவி மார்ச்சில் 150ஐத் தாண்டினாலே நிலைமை மாறும் என்று சொல்வது இதனால்தான்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது.

காலாண்டு முதல் மார்ச் வரை என்ன செய்யலாம்?

1. *விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள்.* மார்க் எங்கே போனது? பாடம் புரியவில்லையா, நேரம் போதவில்லையா, படித்ததைச் சரியாக எழுதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

2. *ஒரு மார்க் கேள்விகளைப் பிடியுங்கள்.* கணக்கு வினாத்தாளில் 90க்கு 20 மார்க் ஒரு மார்க் கேள்விகள். இயற்பியல், வேதியியலில் 70க்கு 15. வேகமாக மார்க் ஏறக்கூடிய இடம் இதுதான்.

3. *செய்முறை 20ஐ விடாதீர்கள்.* ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக முடிப்பதும், ஆய்வகத்துக்குத் தவறாமல் போவதும் மாணவர் கையில் இருக்கிற விஷயம்.

4. *அரையாண்டை அடையாளமாக வையுங்கள்.* டிசம்பர் அரையாண்டில் காலாண்டைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் வரும் திருப்புதல் தேர்வுகள்தான் பொதுத்தேர்வுக்கு ஒத்திகை.

5. *ஃபார்ம் போட வேண்டியதைப் போட்டுவிடுங்கள்.* எழுதுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். கெடு முடிந்தால் அந்தத் தேர்வும் இல்லை.

6. *சான்றிதழ்களை இப்போதே வாங்குங்கள்.* சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு அலைவதைவிட அரையாண்டு விடுமுறையில் முடிப்பது நல்லது.

பொதுத்தேர்விலும் குறைந்துவிட்டால்?

மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். மீதி இருந்தவர்களுக்கும் அந்த ஆண்டு வீணாகாமல் இருக்க இந்த வழிதான் கைகொடுக்கிறது.

பாலிடெக்னிக் படித்துவிட்டு இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கலை அறிவியல் பட்டம் முடித்து, முதுநிலைக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் பெரிய கல்வி நிறுவனங்களுக்குப் போகலாம். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பில் ஜேஇஇ இல்லாமலே, தகுதிச் சுற்றைத் தாண்டிச் சேரலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

காலாண்டு விடைத்தாளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு முன், பள்ளிக்கு ஒரு நடை போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். "இவ எந்தப் பாடத்துல தடுமாறுறா, என்ன செஞ்சா ஏறும்?" என்று கேளுங்கள். செல்போனைப் பிடுங்கி வைப்பதைவிட அந்தப் பேச்சு அதிகம் உதவும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிட வேண்டாம். கல்வி குறித்த சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 104 மற்றும் 14416 எண்களிலும் பேசலாம்.